கார் ஏ.சி. கம்ப்ரசரை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி இதுதான்: 2015-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். ஏ.சி.யில் கூலிங் இல்லை. கடையில் பார்த்துவிட்டு "கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்கிறார்கள். பிரேக் பேட், ஆயில், பெல்ட் எல்லாம் நானே மாற்றிக்கொள்வேன். இதையும் வீட்டு வாசலில் வைத்துச் செய்ய முடியுமா?

முடியும். உங்கள் அளவுக்கு ஸ்பேனர் பிடித்தவருக்குக் கம்ப்ரசரைக் கழற்றி மாட்டுவது கடினமான வேலை இல்லை. நாலு போல்ட், இரண்டு பைப், ஒரு பெல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவுதான். ஆனால் புதுக் கம்ப்ரசர் பல வருடம் ஓடுமா, ஒரே கோடையில் இறுகிப் போகுமா என்பது அந்த நாலு போல்ட்டில் இல்லை. பழையது ஏன் போனது, பைப்புக்குள் என்ன கிடக்கிறது, உள்ளே ஆயில் எவ்வளவு, ஈரம் முழுக்க வெளியேறியதா என்பதில்தான் இருக்கிறது. அதனால் கழற்றும் கதையைவிட இவற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில், கம்ப்ரசர் உண்மையிலேயே போய்விட்டதா என்று நீங்களே பாருங்கள். கூலிங் இல்லை என்றதும் கம்ப்ரசரைக் கைகாட்டுவது மிகச் சுலபம். அதன் முன்னால் இருக்கும் கிளட்ச் மட்டும் பழுதாகியிருக்கலாம், ஒரு ரிலே போயிருக்கலாம், கேஸ் குறைந்ததால் பிரஷர் சுவிட்ச் கரண்டைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். இவை எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் "கம்ப்ரசர் ஓடவில்லை" என்றுதான் தெரியும்.

என்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போடுங்கள். கம்ப்ரசர் புல்லி எப்போதும் சுற்றும். அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. புல்லிக்கு முன்னால் இருக்கும் கிளட்ச் பிளேட் சுற்றுகிறதா என்று பாருங்கள். "டக்" என்ற சத்தத்தோடு பிளேட் ஒட்டிக்கொண்டு சுற்றினால் கரண்ட் வருகிறது, கிளட்ச் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒட்டவில்லை என்றால் ஃப்யூஸ், அடுத்தது ரிலே. பக்கத்தில் ஹாரனுக்கோ வேறு எதற்கோ அதே நம்பர் ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதுவும் சரி என்றால் ஏ.சி. கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மாட்டுங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது, 30 டிகிரி வெயிலில், ஆர்-134ஏ கேஸ் உள்ள சிஸ்டம் ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. காட்டும், 35 டிகிரியில் 114 பக்கம் வரும். இந்த எண் கேஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலே இதே அழுத்தம்தான் காட்டும். ஆனால் கேஜ் 20, 30 என்று காட்டினால் கேஸ் முக்கால்வாசிக்கு மேல் போய்விட்டது, கிளட்ச் ஒட்டாமல் இருப்பது பாதுகாப்புக்காகத்தான், கம்ப்ரசர் மேல் குற்றம் இல்லை.

அழுத்தம் சரியாக இருந்தும் ஒட்டவில்லை என்றால் கிளட்சின் மேக்னட் காயிலை மல்டிமீட்டரால் பாருங்கள். பெரும்பாலான 12 வோல்ட் காயில்கள் 3 முதல் 5 ஓமுக்குள் இருக்கும். அளவே காட்டவில்லை என்றால் காயில் எரிந்துவிட்டது. பல மாடல்களுக்குக் காயில் தனியாகவே கிடைக்கிறது; சிஸ்டத்தைத் திறக்காமலே மாற்றிவிடலாம்.

இன்னொரு கோளாறு இருக்கிறது. நல்ல கம்ப்ரசர்கள் பல இதனாலேயே கழற்றி எறியப்படுகின்றன என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். காலையில் அருமையாகக் கூலிங் வரும், மதியம் டிராஃபிக்கில் அரை மணி நேரம் நின்றால் வெறும் காற்று வரும், சாயங்காலம் மறுபடி சரியாகிவிடும். கிளட்ச் பிளேட் பல வருடம் தேய்ந்து, பிளேட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டால் இப்படி ஆகும். காயில் சூடாகும்போது அதன் காந்த சக்தி குறையும். அகன்ற இடைவெளியைத் தாண்டிப் பிளேட்டை இழுக்க அதனால் முடியாது. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) உள்ளே விட்டுப் பாருங்கள். பொதுவாக 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். உங்கள் காருக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதிகமாக இருந்தால் நடு போல்ட்டைக் கழற்றிப் பிளேட்டை எடுத்து, உள்ளே இருக்கும் மெல்லிய ஷிம் வாஷர்களில் ஒன்றை நீக்கிவிட்டு மாட்டினால் தீர்ந்தது.

சில புதிய கார்களில் கிளட்சே கிடையாது. கம்ப்ரசர் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் கன்ட்ரோல் வால்வ்தான் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று முடிவு செய்யும். உங்கள் காரில் அப்படி இருந்தால் "டக்" சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். அங்கே கேஜ் அளவுகளும் ஸ்கேன் டூலும்தான் பேசும்.

சரி, கம்ப்ரசர்தான் போயிருக்கிறது என்று எப்போது நம்பலாம்? மூன்று நிலைகளில். என்ஜினை நிறுத்திவிட்டுக் கிளட்ச் பிளேட்டைக் கையால் சுற்றுங்கள். ஒரே சீரான இறுக்கத்தோடு சுற்ற வேண்டும். சுற்றவே முடியவில்லை, அல்லது கரகரவென்று மாட்டி மாட்டிச் சுற்றுகிறது என்றால் உள்ளே இறுகிவிட்டது. இரண்டாவது, கேஸ் அளவு சரியாக இருந்து, கிளட்ச் ஒட்டி ஓடும்போதும் நீல கேஜும் (தாழ்ந்த அழுத்தப் பக்கம்) சிவப்பு கேஜும் (உயர்ந்த அழுத்தப் பக்கம்) ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பது. ஆரோக்கியமான சிஸ்டத்தில் 35 டிகிரி வெயிலில் தாழ்ந்த பக்கம் 30 முதல் 45 பி.எஸ்.ஐ., உயர்ந்த பக்கம் 200 முதல் 250 வரை இருக்கும். தாழ்ந்த பக்கம் 80, உயர்ந்த பக்கம் 110 என்று நின்றால் கம்ப்ரசர் அழுத்தவில்லை. மூன்றாவது, கிளட்சுக்குப் பின்னால் ஷாஃப்ட் சீல் வழியாக ஆயில் கசிந்து, சுற்றியுள்ள இடமெல்லாம் தூசியோடு கருப்பாக அப்பியிருப்பது. சத்தத்தை வைத்தும் பிரிக்கலாம்: ஏ.சி. போடாதபோதும் அரைக்கிற சத்தம் வந்தால் அது புல்லி பேரிங்காக இருக்கும், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஏ.சி. போட்டதும் தொடங்கும் சத்தம்தான் உள் சாமான்களுடையது.

அடுத்தது, ஏன் போனது? கம்ப்ரசருக்குத் தனியாக ஆயில் பம்ப் கிடையாது. கேஸோடு கலந்து சிஸ்டம் முழுக்கச் சுற்றிவரும் ஆயில்தான் அதற்கு உயிர். கேஸ் குறைந்தால் ஆயில் திரும்பி வருவதும் குறையும், குளிர்ச்சியாகத் திரும்பி வந்து கம்ப்ரசரை ஆற்ற வேண்டிய ஆவியும் குறையும். வருடா வருடம் கோடையில் லீக்கைத் தேடாமல் கேஸ் மட்டும் அடித்துக்கொண்டே ஓட்டிய கார்களில் கம்ப்ரசர் போவதற்கு இதுவே முதல் காரணம். உங்கள் காருக்கு இரண்டு மூன்று முறை அப்படி அடித்திருந்தால், லீக் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதுசு மாட்டினால் அதற்கும் அதே கதிதான். இன்னொரு காரணம், காரின் முன்பக்கம் நின்று கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரின் ஃபேன். ஃபேன் ஓடாவிட்டாலோ, கண்டன்சர் முகத்தில் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தாலோ சிக்னலில் நிற்கும்போது அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஏ.சி. போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்பதைக் கம்ப்ரசர் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

எந்தக் கார்களில் கை வைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரக் கார்கள், மற்றும் டொயோட்டா ஹைகிராஸ், மாருதி கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் மாடல்கள் போன்றவை. இவற்றின் கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை. உயர் அழுத்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் அது. ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள், உயிர் போகும். இவற்றில் ஆயிலும் வேறு: மின்சாரத்தைக் கடத்தாத பி.ஓ.ஈ. வகை. சாதாரண கார் ஏ.சி.யில் ஊற்றும் பி.ஏ.ஜி. வகை ஆயில் கொஞ்சம் கலந்தாலும் காப்புத்தன்மை கெட்டுவிடும். சாதாரண காருக்குப் பயன்படுத்திய கேஜையும் ஹோஸையும் அப்படியே இதில் மாட்டுவதுகூடத் தப்பு. மாருதியின் மைல்ட் ஹைப்ரிட் கார்களில் பெல்ட் கம்ப்ரசர்தான். பெயரில் ஹைப்ரிட் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். இன்னொன்று, பானெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் ஆர்-1234ஒய்எஃப் என்று இருந்தால் அது வேறு கேஸ். லேசாகத் தீப்பற்றக் கூடியது, கனெக்டரும் வேறு. அதை விட்டுவிடுங்கள். இந்தியாவில் 2015 வாக்கில் வந்த சிறிய காரில் ஆர்-134ஏ இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் ஸ்டிக்கரைப் படிக்காமல் தொடங்காதீர்கள். கேஸ் எத்தனை கிராம் என்பதும் அதிலேயே இருக்கும், பலவற்றில் ஆயில் வகையும் இருக்கும். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கேஸ். பைப்பைத் தளர்த்தி "புஸ்" என்று காற்றில் விடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஆர்-134ஏ-வின் ஒரு கிலோ, ஏறத்தாழ 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஒரு சின்னக் காரில் இருக்கும் அரைக் கிலோவுக்கும் குறைவான கேஸ், அரை டன்னுக்கு மேல் கரியமில வாயுவுக்குச் சமம். இந்தக் கேஸ்களைப் படிப்படியாகக் குறைப்பதற்காகத்தான் 2016-இல் கிகாலி ஒப்பந்தம் வந்தது, 2021-இல் இந்தியாவும் அதை ஏற்றது. உங்கள் கைக்கும் அது நல்லதில்லை: திறந்த காற்றில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கிற திரவம், தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். நெருப்பில் பட்டால் நச்சு வாயுவாக மாறும், ஆகவே பக்கத்தில் வெல்டிங்கோ பீடியோ கூடாது.

என் யோசனை இது. ரிக்கவரி மெஷின் (கேஸைக் காற்றில் விடாமல் உறிஞ்சி எடுப்பது) வைத்திருக்கும் ஏ.சி. கடைக்குக் காரைக் கொண்டுபோய் "கேஸை மட்டும் எடுத்துக் கொடுங்கள், எத்தனை கிராம் வந்தது என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கம்ப்ரசர் உள்ளே இறுகியிருந்தாலும், புல்லி தடையில்லாமல் சுற்றும்வரை ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓட்டிப் போகலாம். அந்தக் கிராம் கணக்கு மிக முக்கியம். ஸ்டிக்கரில் 400 இருந்து மெஷினில் 150 வந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். பிறகு வீட்டில் வந்து கழற்றி மாட்டும் வேலையை நிதானமாகச் செய்யுங்கள். கடைசியில் வேக்கம் போட்டு, அதாவது உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சிவிட்டு, கேஸ் ஏற்றுவதற்கு மறுபடியும் அதே கடை. வேக்கம் பம்ப்பும் கேஜ் செட்டும் தராசும் ஒரே ஒரு முறைக்காக வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் இரண்டு மூன்று கார் இருந்து, இந்த வேலையில் உண்மையான ஆர்வம் இருந்தால் வாங்குங்கள்.

கம்ப்ரசர் வாங்கும்போது காரின் மாடலையும் வருடத்தையும் சொல்லி வாங்காதீர்கள். பழையதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் பார்ட் நம்பரைக் கொடுங்கள். ஒரே என்ஜினுக்கே வருடத்துக்கு வருடம் புல்லியின் வரி எண்ணிக்கை, கனெக்டர், பைப் உட்காரும் முகம் மாறியிருக்கும். மாருதிக்கு சுப்ரோஸ் நீண்டகாலமாக ஏ.சி. சாமான் செய்து தருகிறது. அப்படி அசல் சப்ளையர் பெயரிலேயே வெளிக்கடையில் கிடைப்பதை வாங்கலாம். ரீகண்டிஷன் என்று விற்பதில் என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஷாஃப்ட் சீலும் பேரிங்கும் மாற்றியதாகத் தெளிவாகச் சொல்லி, வாரன்டியும் எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம். மேலே பெயின்ட் மட்டும் புதுசாக இருந்தால் வேண்டாம். சென்னையில் இருந்தால் புதுப்பேட்டையில் விபத்துக் கார்களிலிருந்து கழற்றியது கிடைக்கும். அங்கே நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பைப் துவாரங்கள் மூடி போட்டு அடைத்திருக்கின்றனவா? கடற்கரை ஊர்க் காற்றில் மாதக்கணக்காக வாயைத் திறந்துகொண்டு கிடந்த கம்ப்ரசருக்குள் ஈரம் போய் ஆயில் கெட்டிருக்கும், தாங்குமிடங்களில் துரு பிடித்திருக்கும். அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வீண்தான்.

கூடவே டிரையர், உங்கள் காருக்கான ஓ-ரிங் செட், சரியான ஆயில் ஆகியவற்றையும் வாங்கிவிடுங்கள். டிரையர் என்பது ஈரத்தை உறிஞ்சும் மணிகள் உள்ள பாட்டில். இப்போதைய கார்களில் கண்டன்சரின் ஓரத்திலேயே அது சேர்ந்திருக்கும். சிலவற்றில் உள்ளே இருக்கும் பையை மட்டும் மாற்றலாம். சிஸ்டத்தைத் திறந்தால் டிரையரை மாற்றியே ஆக வேண்டும். அதை மாற்றிய பில் இல்லாமல் கம்ப்ரசர் வாரன்டியை ஏற்காதவர்களும் உண்டு. ஆகவே வாங்கும்போதே நிபந்தனைகளைக் கேட்டுவிடுங்கள்.

கழற்றும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்குப் பழகியதுதான். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். முன் சக்கர இழுவைச் சின்னக் கார்களில் கம்ப்ரசர் பெல்ட் பக்கம் கீழே தாழ்வாக உட்கார்ந்திருக்கும். அடியிலிருந்துதான் கை போகும், அதனால் காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. பெல்ட் எப்படிச் சுற்றிப் போகிறது என்று போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். கனெக்டர், பிறகு பைப் போல்ட்கள். அலுமினியத்தில் இறுகிய போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் மரை பெயர்ந்து வந்துவிடும். முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் விட்டு வையுங்கள். பைப்பைத் திறப்பதற்கு முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள், கேஸ் எடுத்தாயிற்று என்றாலும் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள். திறந்த உடனே பைப் வாயைச் சுத்தமான பிளாஸ்டிக் கவரும் ரப்பர் பேண்டும் போட்டுக் கட்டுங்கள். அப்புறம் கம்ப்ரசரின் போல்ட்கள். கடைசி போல்ட் வரும்போது ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள், ஐந்தாறு கிலோ எடை முகத்துக்கு நேர் மேலே இருக்கிறது.

இப்போது எல்லாவற்றையும் விட முக்கியமான ஒரு நிமிடம். சுத்தமான வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, கம்ப்ரசரிலிருந்து கண்டன்சருக்குப் போகும் மெல்லிய பைப்பின் வாய்க்குள் விட்டுத் துடையுங்கள். தெளிந்த ஆயிலோ, லேசான பச்சை மஞ்சள் நிற ஆயிலோ வந்தால் நல்லது. பச்சை என்பது லீக்கைக் கண்டுபிடிக்க முன்பு யாரோ விட்ட சாயம். கருப்பாக, வெளிச்சத்தில் காட்டினால் வெள்ளித் தூள் மின்னுவதாக வந்தால், கம்ப்ரசர் உள்ளே உடைந்து தேய்ந்து தன் உலோகத்தைச் சிஸ்டம் முழுக்க அனுப்பியிருக்கிறது. அப்போது கண்டன்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வ் (டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்குக் கேஸை அளவாக விடும் சின்ன வால்வ்) மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். ரப்பர் ஹோஸ்களையும் பைப்புகளையும் ஃப்ளஷ் திரவம் விட்டுக் கழுவ வேண்டும். "கண்டன்சரையும் ஃப்ளஷ் அடித்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்றைய கண்டன்சரின் தட்டையான குழாய்க்குள் பல நுண்ணிய வழிகள் பக்கம்பக்கமாக ஓடுகின்றன, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். நாலு வழி அடைத்திருந்தால் திரவம் அடைக்காத வழியில் போய்விடும். மறுபக்கம் சுத்தமாக வருவதைப் பார்த்து நாம் ஏமாறுவோம். அந்தத் தூள் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து புதுக் கம்ப்ரசருக்குள்தான் போகும். மின்னும் தூளைப் பார்த்த பிறகும் கம்ப்ரசரை மட்டும் மாற்றுவதைவிட, பணம் சேரும்வரை ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டுவது மேல்.

அடுத்தது ஆயில். பழைய கம்ப்ரசரைக் கவிழ்த்து, பிளேட்டைக் கையால் சுற்றிச் சுற்றி, உள்ளே இருக்கும் ஆயிலை அளவுக் குவளையில் வடியுங்கள். புதுக் கம்ப்ரசரைத் திறக்கும்போது "புஸ்" என்று வந்தால் பயப்பட வேண்டாம், ஈரம் போகாமல் நைட்ரஜன் அடைத்து அனுப்புவார்கள். அதிலிருக்கும் ஆயிலையும் சுத்தமான இன்னொரு குவளையில் வடியுங்கள். பல புதுக் கம்ப்ரசர்கள் முழு சிஸ்டத்துக்கும் வேண்டிய ஆயிலோடு வருகின்றன. உங்கள் சிஸ்டத்திலோ பைப்பிலும் கண்டன்சரிலும் கூலிங் காயிலிலும் பழைய ஆயில் ஏற்கெனவே கிடக்கிறது. ஒரு உதாரணம்: புதியதில் 100 மி.லி. இருக்கிறது, பழையதிலிருந்து 40 மி.லி. வந்தது. அப்படியானால் 60 மி.லி. போல இன்னும் சிஸ்டத்துக்குள் இருக்கிறது. புது ஆயிலில் 40 மி.லி.யை மட்டும் திரும்ப ஊற்ற வேண்டும். டிரையர் மாற்றுவதற்காக 10 மி.லி. போலச் சேர்க்கலாம். கண்டன்சரும் மாற்றினால் மேனுவலில் சொல்லும் அளவைச் சேர்க்க வேண்டும். கழுவிய சிஸ்டம் என்றால் கணக்கே வேறு. பழையது ரொம்ப நாள் லீக்கில் ஓடி ஆயிலும் வெளியேறியிருந்தால் இந்தக் கழித்தல் கணக்கை நம்பக் கூடாது. ஐந்தே மி.லி. வடிந்தது என்றால் ஆயில் எங்கோ வெளியே போயிருக்கிறது என்று புரிந்துகொண்டு மேனுவலின் குறைந்தபட்ச அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் கம்ப்ரசர் இறுகும். கூடினால் கூலிங் காயிலின் உள்சுவரில் படலமாகப் படிந்து குளிர் குறையும்.

ஆயில் வகையும் அதே அளவுக்கு முக்கியம். பி.ஏ.ஜி. 46, 100, 150 என்று தடிமன் வாரியாக இருக்கிறது. கடைக்காரர் "எல்லாத்துக்கும் இதான் போடுவாங்க" என்று கொடுப்பதை வாங்காதீர்கள், கம்ப்ரசர் ஸ்டிக்கரில் போட்டிருப்பதை வாங்குங்கள். பி.ஏ.ஜி. ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை வேகமாக இழுக்கும். போன வருடம் திறந்து பாதி மிச்சம் இருக்கும் பாட்டில் வேண்டாம். சின்னப் பாட்டிலாக வாங்கி அன்றே திறந்து அன்றே முடியுங்கள்.

மாட்டும்போது ஓ-ரிங் ஒவ்வொன்றையும் புதுசாகப் போடுங்கள், கம்ப்ரசர் ஆயிலை விரலால் தடவி உட்கார வையுங்கள். அனாபாண்ட் போன்ற பேஸ்ட், டெஃப்லான் டேப் எதுவும் வேண்டாம். அந்த இணைப்பை அடைப்பது ரப்பர் மட்டுமே, மேலே பூசிய பேஸ்ட் உள்ளே போய் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும். பைப் போல்ட் சிறியதாக இருந்தால் அதற்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். டிரையரின் மூடியைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். திறந்த நிமிடத்திலிருந்து அது வெளிக் காற்றின் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும். பெல்ட்டை மாட்டிய பிறகு, வரிகள் புல்லியில் நேராக உட்கார்ந்திருக்கின்றனவா என்று எல்லாப் புல்லியிலும் பாருங்கள். பிறகு கிளட்ச் பிளேட்டைக் கையால் பத்துப் பதினைந்து சுற்று சுற்றுங்கள். உள்ளே தேங்கிய ஆயில் பரவும். ஆயிலை அழுத்த முடியாது. தேங்கிய ஆயிலோடு நேராக என்ஜினில் சுற்றவிட்டால் உள் வால்வ் உடையும்.

வேக்கம். இதைக் கடையில் செய்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரை வேக்கம் பம்ப் ஆக்கி வைத்திருக்கும் கடைகள் நம் ஊரில் ஏராளம். காற்றை அது இழுக்கும், ஈரத்தை இழுக்குமா என்பதுதான் சந்தேகம். 30 டிகிரியில் தண்ணீர் கொதித்து ஆவியாக வேண்டும் என்றால் உள்ளே அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே போக வேண்டும். சாதாரணக் காற்றழுத்தம் 760. நல்ல இரட்டை நிலைப் பம்ப் அதைத் தாண்டி ஆழமாகப் போய்விடும். குறைந்தது 45 நிமிடம் ஓடட்டும், மழைக்காலத்தில் இன்னும் கூட. ஐந்து நிமிடத்தில் "முடிஞ்சுது சார்" என்றால் முடியவில்லை. மிச்சமிருக்கும் ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக உறைந்து கூலிங்கை விட்டு விட்டு நிறுத்தும், நாளடைவில் அமிலமாகி அலுமினியத்தை அரிக்கும். பம்ப்பை நிறுத்திய பின் அரை மணி நேரம் முள் அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் வேக்கம் நின்றாலே லீக் இல்லை என்று அர்த்தமில்லை. வேக்கத்தில் வெளிக்காற்று 15 பி.எஸ்.ஐ.யில்தான் உள்ளே தள்ளுகிறது, ஓடும்போது கேஸ் 200-க்கு மேல் வெளியே தள்ளும். அதனால் வேக்கத்துக்கு முன் நைட்ரஜன் ஏற்றி, திறந்த இணைப்புகளில் சோப்பு நுரை விட்டுப் பார்க்கும் கடை கிடைத்தால் விடாதீர்கள். நைட்ரஜனுக்குப் பதிலாக டயருக்கு அடிக்கும் காற்றை ஏற்ற ஒருபோதும் விடாதீர்கள். அது ஈரக் காற்று, அழுத்தத்தில் ஆர்-134ஏ-வோடு கலந்தால் தீப்பற்றவும் கூடும்.

கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஸ்டிக்கரில் எத்தனை கிராமோ அத்தனை கிராம். கேஜைப் பார்த்து, பைப்பைத் தொட்டுப் பார்த்து ஏற்றுவது பழைய பெரிய சிஸ்டங்களில் ஓரளவு சரிப்பட்டது. அரைக் கிலோகூடப் பிடிக்காத இன்றைய சிஸ்டத்தில் 50 கிராம் கூடுவதும் குறைவதும் நன்றாகவே தெரியும். கடையில் விற்கும் கேனில் பொதுவாக 450 கிராம் இருக்கும், உங்கள் காருக்கு அதைவிடக் குறைவாகத் தேவைப்படலாம். முழுக் கேனையும் காலி செய்வது பெருமை இல்லை. நீங்களே ஏற்றுவதாக இருந்தால் என்ஜின் ஓடும்போது சிவப்புப் பக்க வால்வைத் திறக்கவே கூடாது. உயர் அழுத்தம் கேனுக்குள் பாய்ந்து கேன் வெடிக்கும். நீலப் பக்கம் மட்டும், கேனை நிமிர்த்திப் பிடித்து, ஆவியாக.

கேஸை எங்கே வாங்குகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். போலி ஆர்-134ஏ உலகம் முழுக்க உலவுகிறது. 2011-இல் கப்பல் குளிர்பதனக் கன்டெய்னர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். வியட்நாமில் சர்வீஸ் செய்தபோது ஏற்றப்பட்ட போலிக் கேஸில் ஆர்-40 (மெத்தில் குளோரைடு) கலந்திருந்தது, அது அலுமினியத்தோடு சேர்ந்து காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருளை உண்டாக்கியது. கார் கம்ப்ரசரும் அலுமினியம்தான். பெயர் தெரிந்த கம்பெனியின் சீல் உடையாத கேனை, பில்லோடு வாங்குங்கள். எல்.பி.ஜி.யை ஏற்றினால் கூலிங் அதிகம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. அது கசிந்தால் தீப்பற்றும் கேஸ் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வரும்.

முதல் ஓட்டம் நிதானமாக இருக்கட்டும். ஜன்னல் திறந்து, புளோயர் முழு வேகத்தில், என்ஜின் ஐடிலில் சில நிமிடம். ஆக்சிலரேட்டரை மிதித்துச் சோதிக்காதீர்கள். கண்டன்சர் ஃபேன் ஓடுகிறதா, கேஜ் இரண்டும் முன்னே சொன்ன இடங்களில் நிற்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் உயர்வாக இருந்தால் கேஸ் கூடுதல் அல்லது ஃபேன் பலவீனம். இரண்டும் தாழ்வாக இருந்தால் கேஸ் குறைவு. நடு வென்ட்டில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரைச் செருகி, கண்ணாடி ஏற்றி, உட்காற்றைச் சுற்றவிட்டு ஓட்டிப் பாருங்கள். 35 டிகிரி வெயிலில் ஓடும்போது 8 முதல் 12 டிகிரிக்குள் வந்தால் வேலை நன்றாக முடிந்திருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது இரண்டு மூன்று டிகிரி ஏறுவது இயல்பு. அந்த எண்ணைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே மாதிரியான வெயிலில் மறுபடி அளந்து பாருங்கள். நாலைந்து டிகிரி ஏறியிருந்தால் கேஸ் அடிக்க ஓடாதீர்கள், லீக்கைத் தேடுங்கள். முதல் சந்தேகம் நீங்கள் திறந்த பைப் இணைப்புகள் மேல். சோப்பு நுரை அல்லது எலக்ட்ரானிக் டிடெக்டர் வைத்துப் பாருங்கள். அங்கே இல்லை என்றால் கேஜ் மாட்டும் சர்வீஸ் வால்வின் ஊசி, பிறகு கண்டன்சரின் கீழ் ஓரம். எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் கூலிங் காயிலாக இருக்கலாம். டேஷ்போர்டைக் கழற்றும் முன், ஏ.சி.யை அணைத்துக் கால் மணி நேரம் விட்டு, காருக்கு அடியில் தண்ணீர் சொட்டும் டிரெயின் குழாயின் வாயில் டிடெக்டரைப் பிடியுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, காயிலில் லீக் இருந்தால் அந்தக் குழாய் வழியாகத்தான் இறங்கி வரும். டிடெக்டர் முனை தண்ணீரில் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.